ஓட்டமும் பளுவும்

உடல்நலம் பேண ஓட்டம் சிறந்ததா, பளுதூக்குதல் சிறந்ததா என்னும் வினா இளைஞரிடையே எழுகிறது. புதுச்சேரிக்கு வடக்கே கடலோரம் அமைந்த பிள்ளைச்சாவடி போன்ற மீனவர் ஊர்களின் உழைப்பு இதற்கு விடை கூறும். கரைவலை இழுப்போர்க்கு நனைந்த வலையின் பாரத்தைத் தாங்கும் தோள்வலிமை வேண்டும். நெடுநேரம் இளைக்காமல் இழுக்கும் மூச்சுவலிமையும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வலை கரை சேராது.

ஓட்டம், நீச்சல் போன்றவை இதயத்தை வலுப்படுத்துகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதி செல்வதால் ஓய்வுநிலையில் நாடித்துடிப்பு குறைகிறது. தண்டால், பளுதூக்குதல் போன்றவை தசையையும் எலும்பையும் உறுதியாக்குகின்றன. எலும்பு பெரிதும் வலுப்பெறுவது வளரிளம் பருவத்தில்தான். அதனை நழுவவிட்டால் முதுமையில் எலும்பு முறியும் இடர் மிகும். நம் முன்னோர் இளவட்டக்கல் தூக்கித் தசையையும், சடுகுடு ஆடி மூச்சையும் வளர்த்தனர்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். வாரத்தில் குறைந்தது 3 நாள் தசை, எலும்புகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியது. இன்று படகை இயந்திரம் செலுத்துகிறது. மாணவரைப் பேருந்து பள்ளியில் சேர்க்கிறது. முன்பு உழைப்பு தந்த உறுதியை இன்று இருவகைப் பயிற்சியாலும் பெறுவதே மாணவர் கடன்.