தண்ணீர் குறைந்தால் தூய்மை குறையுமா?

கேள்வி: 2019 கோடையில் சென்னை கண்ட வறட்சி மீண்டும் வந்தால், தொழுகைக்கு முந்தைய தூய்மையை முஸ்லிம்கள் எவ்வாறு பேண முடியும்?
– வாசகர், கிண்டி

பதில்: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட அக்கோடையை நினைவில் கொண்டு பார்த்தால், முகம், கைகள், கால்களைக் கழுவித் தலையை ஈரக்கையால் தடவும் ஒளு என்னும் அங்கத்தூய்மைக்கு மிகுந்த நீர் தேவை என்பது பழக்கம் வளர்த்த எண்ணமேயன்றிச் சட்டம் விதித்ததன்று என்பது புலப்படும். நபிகள் நாயகம் ஒரு முத்து அளவு நீரில் ஒளுவை முடித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவான முத்தைக் கணக்கிடுவதில் அறிஞர்கள் வேறுபட்டாலும், அது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கும். திறந்துவிட்ட குழாயடியில் ஒருவர் செலவிடுவதோ (பள்ளிவாசல் நிர்வாகிகள் நன்கறிவர்) அதைப் போல் பல மடங்கு.

நீர் அறவே கிட்டாதபோதும், நோயால் அதைப் பயன்படுத்த இயலாதபோதும், தூய மண்ணில் கைகளைப் பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் என்னும் மாற்றுமுறையைத் திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம், 6ஆம் வசனம் அனுமதிக்கிறது. அழுக்கை அகற்றுவது மட்டுமே நோக்கமாயின் மண்ணுக்கு இங்கு இடமிராது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா’ நூலில் தூய்மையை உடல், உறுப்புகளின் செயல், உள்ளத்தின் குணம், இறைவனையன்றி எதையும் நாடாத அந்தரங்கம் என நான்கு படிகளாகப் பகுத்து, முதற்படியிலேயே நீரைக் கொட்டிக் காலம் கழிப்போரைக் கடிந்துரைக்கிறார்.