வெயில் வந்தால் கோழி சாகிறதே!

கேள்வி: பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் பச்சையாகவும் வெள்ளையாகவும் கழிந்து, கழுத்து திருகி, கூண்டோடு செத்துவிடுகின்றன. என்ன செய்வது?
- வாசகி, அவிநாசி

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சலையே காட்டுகின்றன. ராணிக்கெட் என்பதும் இதுதான். எங்கள் வாசலிலும் இது வந்து போயிருக்கிறது. அடைகாத்து 21 நாளில் பொரித்த குஞ்சுகளையெல்லாம் ஒரே வாரத்தில் வாரிப் புதைப்பது எத்தனை வேதனை என்பது எனக்குத் தெரியும். இது வைரஸ் நோய். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. முன்கூட்டித் தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுங்கள். எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. கோடைக்கு முன்பு கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது; அன்று அரை நாள் விடுப்பு எடுத்தாவது போய்விடுங்கள். ஷிப்டுக்குக் கிளம்புமுன் கோழிகளைத் திறந்துவிட்டிருந்தால் பிடிக்க முடியாது, முதல்நாள் இரவே கூடையில் கவிழ்த்து வையுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வாருங்கள். சூடு பட்டால் அதற்கு வீரியம் போய்விடும்.

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் தடுப்பூசி அன்றாட நடைமுறை. வீட்டுக்கோழிக்கு அது வேண்டாம் என்ற நினைப்புதான் நம் ஊர்களில் கோழிகளைக் கொல்கிறது. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு விடுங்கள்.