எச்பிஏ1சி ரிப்போர்ட்டை வாசிக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

கூடலூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மிகுந்த மகிழ்ச்சி. அங்கே சர்க்கரை நோயைக் கண்டறிவதில் ஒரு சிக்கல் வரும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எச்பிஏ1சி 6.5 சதவீதம் தொட்டால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை என்பது உனக்கு மனப்பாடம். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்பதால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் வசதிதான். ஆனால் அதில் நாம் பார்ப்பது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அதை 'மூணு மாச சுகர்' என்கிறோம்.

உன்னிடம் வரும் பணியர், குறும்பர், இருளர் மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. அந்த நோயாளியின் சிவப்பணு சில வாரங்களிலேயே உடைந்துவிடும். சர்க்கரை ஒட்ட அவகாசமே இருக்காது. உள்ளே நோய் இருக்க, ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இந்த எண்ணை நம்பாதே.

இரும்புச்சத்துக் குறைவில் எண் பொய்யாக ஏறும். 6.1 என்ற சீட்டோடு ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி வந்தால், "பார்டர்ல இருக்கும்மா" என்று சொல்லிவிடாதே. கீழ் இமையை இழுத்துப் பார். வெளுத்திருந்தால் ஹீமோகுளோபின் பார்த்து, முதலில் சோகைக்கு மருந்து கொடு. இல்லாத நோயின் பயத்தை ஒரு வீட்டுக்குள் அனுப்புவது சின்ன விஷயமில்லை.

இவர்களுக்கெல்லாம் குளுக்கோஸ் அளவுதான் சாட்சி. கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு, வெறும் வயிற்றில் 126, அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 தொட்டால் நீரிழிவு. அந்த இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை இருந்தால் முன்நிலை. அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்.

குழாயிலும் கவனம் வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தம் ஜீப்பில் மலையிறங்கும்போது, அதிலுள்ள அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். 130 இருந்தது இரண்டு மணி நேரத்தில் 115 பக்கம் வந்துவிடக்கூடும். சாம்பல் மூடிக் குழாயில் எடு. அதிலுள்ள ஃபுளோரைடும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுதாகத் தடுக்காது என்பதால் ஐஸில் வைத்து அனுப்பு.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்கள் உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டதாலேயே நீரிழிவாகும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களைத் தேடிப் பிடித்ததும் இந்தக் குளுக்கோஸ் பரிசோதனையால்தான்.

குளுக்கோஸ் பொடியும் சாம்பல் மூடிக் குழாயும் ஸ்டாக்கில் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பார். இல்லையென்றால் வட்டார மருத்துவ அலுவலருக்கு உடனே இன்டென்ட் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்