படிப்பும் பணியும்

சாயங்காலம். செங்கல் சூளையில் வேலை முடிந்தது. அந்தப் பெண் வீடு திரும்பினாள். அவளுடைய தம்பியைப் போலீசார் கைது செய்து கூட்டிப் போயிருந்தார்கள். திருட்டு வழக்கு என்றார்கள்.

இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. வக்கீல் வைக்கப் பணம் வேண்டுமே! விடிந்ததும் காதுத் தோட்டைக் கழற்றினாள். அடகுக் கடைக்குக் கிளம்பினாள். வழியில் அங்கன்வாடி அக்கா எதிரே வந்தார்.

"எங்கே தங்கச்சி, இவ்வளவு அவசரமாய்?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"முதலில் தோட்டைக் காதில் போடு. காவலில் இருப்பவருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். வா, போகலாம்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?"

"படித்தேன். படித்ததை வைத்து வேலை செய்கிறேன்."

இருவரும் பஸ் ஏறி நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருந்தது. அக்கா மனு எழுதினார். அவள் தன் கையால் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியம் தம்பி நீதிபதி முன் நின்றான். அவன் பக்கத்தில் ஒரு வக்கீலும் நின்றார்.

தம்பி திருடினானா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லும். ஆனால் அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள் கிடைத்துவிட்டார். தோடும் காதிலேயே இருந்தது.

அக்கா யார்?

அக்கா ஒரு சட்டத் தன்னார்வலர். அவர் வக்கீல் அல்ல. நீதிமன்றத்தில் வாதாட முடியாது. மக்களுக்கு உரிமைகளை எடுத்துச் சொல்வார். மனு எழுத உதவுவார். உரிய அலுவலகத்துக்கு வழி காட்டுவார். மக்களிடம் பணம் வாங்கக் கூடாது. பணி செய்யும் நாளுக்குச் சிறு மதிப்பூதியம் உண்டு.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் சேர எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் நல்லது. ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், மகளிர் குழுவினர், மாணவர்கள் சேரலாம். நீண்ட காலத் தண்டனை பெற்ற, படித்த கைதிகள்கூடச் சிறையில் இந்தப் பணியைச் செய்யலாம்.

முதலில் பயிற்சி வகுப்பு நடக்கும். பிறகு ஊரிலும் சட்ட உதவி மையத்திலும் பணி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. படிப்பு வேலையோடு சேர்ந்தால்தான் பயன் தரும்.

வெளிநாட்டிலும் இம்முறை உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் உள்ளது. பழங்குடி மக்களுக்காக உழைப்பவர்களுக்கு அது 1997-இல் ஓர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. அவர்கள் சில வாரம் அங்கே தங்குவார்கள். மனித உரிமைகளைப் படிப்பார்கள். சபை நடக்கும் விதத்தை நேரில் பார்ப்பார்கள். ஊர் திரும்பித் தம் மக்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

நினைவில் வையுங்கள்

1. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது.
2. கைதான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். உறவினருக்கும் தகவல் தர வேண்டும்.
3. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. இதற்கான சட்டம் 1987-இல் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது.
4. உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை.

பேசுவோம்

1. அந்தப் பெண் ஏன் தோட்டைக் கழற்றினாள்?
2. அக்கா எந்த அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்?
3. உங்கள் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே இருக்கிறது? விசாரித்து எழுதுங்கள்.
4. உங்கள் ஊரில் சட்டத் தன்னார்வலர் யார்? யாரும் இல்லை என்றால், நீங்களே ஏன் சேரக் கூடாது?