பறவை மோதினால் விமானம் என்ன ஆகும்?

மாணவர்களே! ஒரு கிலோ எடையுள்ள பறவை, பல ஆயிரம் கிலோ எடையுள்ள விமானத்தை என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் எண்ணக்கூடும். பள்ளியில் படித்த இயக்க விதிகளைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

மேலெழும் விமானத்தின் வேகம் நொடிக்கு 70 மீட்டர் (மணிக்கு 252 கி.மீ.) என்று கொள்வோம். இதனோடு ஒப்பிட்டால் பறவையின் வேகம் மிகக் குறைவு, அதை விட்டுவிடலாம். பறவையின் நீளம் 0.3 மீட்டர் எனில், அந்த நீளத்தைக் கடக்க விமானத்திற்கு ஆகும் நேரம் 0.3 ÷ 70, அதாவது சுமார் 0.0043 நொடி. அதற்குள் பறவை விமானத்தின் வேகத்தைப் பெற்றுவிடுகிறது. உந்த மாற்றம் 1 × 70 = 70 கி.கி. மீ./நொடி. இதை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை ஏறத்தாழ 16,300 நியூட்டன். ஒன்றரை டன்னுக்கும் அதிகமான எடை ஒரு கணம் அழுத்துவதற்கு இது சமம்!

பறவைகள் பெரும்பாலும் தாழ்வாகவே பறக்கின்றன. ஆகவே மோதல்களில் மிகுதியானவை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிகழ்கின்றன.

சிறு பறவைகளும் கூட்டமாக வந்தால் ஆபத்தே. 1960 அக்டோபர் 4ஆம் நாள், அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்திலிருந்து எலெக்ட்ரா விமானம் ஒன்று புறப்பட்டது. சில நொடிகளில் அது ஒரு பறவைக் கூட்டத்தினுள் புகுந்தது. பறவைகள் என்ஜின்களுக்குள் இழுக்கப்பட்டதால் அவற்றின் திறன் குன்றியது. வேகம் இழந்த விமானம் கடலில் வீழ்ந்தது. 72 பேரில் 62 பேர் மாண்டனர். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராக்சி லேபோர்ன் அம்மையார் இறகுத் துணுக்குகளை ஆராய்ந்து, அவை ஸ்டார்லிங் பறவைகள் என்று கண்டறிந்தார். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவையின் எடை 80 கிராம் அளவுதான்!

பறவையின் பெயரை அறிவதால் என்ன பயன்? பெயர் தெரிந்தால் அதன் உணவு தெரியும். உணவு தெரிந்தால் அது வரும் காரணம் தெரியும். பருந்து குப்பைமேட்டையும் இறைச்சிக் கழிவையும் நாடி வருகிறது. ஆட்காட்டியோ திறந்த தரையில் முட்டையிட்டு, அங்குள்ள பூச்சிகளைத் தின்கிறது. முன்னதைத் தடுக்க நிலையத்தின் சுற்றுப்புறத்தில் குப்பையை அகற்ற வேண்டும். பின்னதைத் தடுக்க ஓடுபாதையருகே புல்லையும் பூச்சிகளையும் கட்டுப்படுத்த வேண்டும்.

வெடியோசை எழுப்பி விரட்டினால் போதாதா? சில நாட்கள் பறவைகள் அஞ்சும். ஓசையால் தீங்கில்லை என்று கண்டதும் பழகிவிடும். உணவு இருக்கும்வரை திரும்பி வரும். இக்காரணம் பற்றியே, விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. தொலைவுக்குள் பறவைகளை ஈர்க்கும் கழிவுகளைக் கொட்டுவதற்கான தடை, இந்தியாவின் 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் இடம்பெற்றது.

என்ஜினை வலுவாக்கலாம், அதற்கும் எல்லை உண்டு. 2009 ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க்கில் கனடா வாத்துகள் புகுந்து ஒரு விமானத்தின் இரு என்ஜின்களும் திறன் இழந்தன. விமானி அதை ஹட்சன் ஆற்றில் இறக்கியதால் 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு: விமானத்தின் வேகம் இரு மடங்கானால் மோதல் விசை எத்தனை மடங்காகும்? இரண்டு என்று அவசரப்பட்டுக் கூறாதீர்கள். உந்தம் மட்டுமல்ல, மோதும் நேரமும் மாறுகிறது என்பதை நினைவிற்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்!