கோலிலிருந்து கைக்கு: ஷாவோலின் போர்க்கலையின் வளர்ச்சியும் போதிதருமர் தொன்மமும்

ஆய்வுச் சுருக்கம்

சீனப் போர்க்கலையின் தோற்றத்தைத் தென்னிந்தியத் துறவியான போதிதருமரோடு இணைத்துரைக்கும் வழக்குத் தமிழில் பரவலாக உள்ளது. இவ்வழக்கைச் சீன ஆவணங்களின் காலவரிசையில் வைத்துச் சோதிக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன. ஷாவோலின் மடம் முதலில் புகழ்பெற்றது கோற்பயிற்சியால். வெறுங்கைப் பயிற்சி அங்கு முதன்மை பெற்றது 17ஆம் நூற்றாண்டில். போதிதருமரின் பெயர் உடற்பயிற்சி மரபோடு இணைக்கப்பட்டதும் அந்நூற்றாண்டிலேதான். படைக்கலம், நிலை, தோற்றத் தொன்மம் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கி இக்கட்டுரை இம்முடிவை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஷாவோலின், கோற்பயிற்சி, நிலை, போதிதருமர், யீஜின் ஜிங், தொன்மம்.

முன்னுரை

காஞ்சியில் பிறந்த பல்லவ இளவரசர் ஒருவர் சீனம் சென்று, அங்குள்ள துறவியருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்னும் செய்தி தமிழில் மேடைப் பேச்சு, இதழ்க் கட்டுரை, திரைப்படம் ஆகியவற்றின் வழியாகப் பொதுவழக்காகிவிட்டது. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்திற்குப் பின் இவ்வழக்கு மேலும் வலுப்பெற்றது. சிலம்பம் பற்றிய எழுத்துகளிலும் இச்செய்தி சான்று கேட்கப்படாமலே எடுத்தாளப்படுவதைக் காணமுடிகிறது. ஒரு கூற்று பெருமை தருவதாக இருப்பது அதன் உண்மைக்குச் சான்றாகாது. எனவே, சீனப் போர்க்கலை நூல்கள் தம் கலையைப் பற்றித் தாமே என்ன கூறுகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஷாவோலின் மடத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதனைச் செய்கிறது.

மடமும் தொடக்ககாலச் சான்றுகளும்

ஹெனான் மாநிலத்தில் சுங் மலையில் அமைந்துள்ள ஷாவோலின் மடம், ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கு வெய் அரசர் சியாவ்வென் காலத்தில் நிறுவப்பட்டது. பாதுவோ எனச் சீனர் அழைத்த இந்தியத் துறவி ஒருவருக்காகவே அது கட்டப்பட்டது. மடத்தின் தொடக்கத்தில் இந்தியத் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தொடர்பு சமயத் தொடர்பாகும்.

மடத்துத் துறவியர் போரில் ஈடுபட்டமைக்கான முதன்மையான சான்று 728ஆம் ஆண்டுக் கல்வெட்டாகும். 621இல் வாங் ஷிசோங் என்பவனுக்கு எதிரான போரில், பின்னாளில் தாங் பேரரசராகிய லீ ஷிமினுக்கு இத்துறவியர் துணைநின்றனர். அவ்வுதவிக்காகப் பரிசு பெற்ற 13 துறவியரின் பெயர்கள் அதில் காணப்படுகின்றன. எனினும் அவர்கள் எந்தப் படைக்கலத்தை ஏந்தினர், எந்த முறையில் பயின்றனர் என்பது பற்றிக் கல்வெட்டில் குறிப்பில்லை. துறவியர் போரிட்டனர் என்பதற்கு இது சான்றாகுமேயன்றித் தனித்ததொரு போர்க்கலை மரபு அங்கு இருந்தது என்பதற்குச் சான்றாகாது.

வெறுங்கைப் போர் சீனத்தில் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘ஹான் ஷு’ என்னும் வரலாற்று நூலின் நூற்பட்டியல், கைப்போர் பற்றிய ஆறு இயல் கொண்ட நூலொன்றைக் குறிப்பிடுகிறது. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. ஆயினும் போதிதருமரின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கலை எழுத்தில் பதிவாகியிருந்தது என்பதற்கு இப்பட்டியலே போதுமானது.

கோலின் முதன்மை

ஷாவோலின் போர்க்கலை பற்றிய விரிவான செய்திகள் 16ஆம் நூற்றாண்டில், மிங் ஆட்சிக் காலத்தில்தான் கிடைக்கத் தொடங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கோலையே சுட்டுகின்றன. 1553இல் கிழக்குக் கடற்கரைப் பகுதியைச் சூறையாடிய கடற்கொள்ளையரை எதிர்த்துத் துறவியர் படையொன்று போரிட்டது. அவர்கள் ஏந்தியவை இரும்புக் கோல்கள். 1560ஐ ஒட்டிய ஆண்டுகளில் யூ தாயூ என்னும் படைத்தலைவர் மடத்திற்கு வந்து துறவியரின் கோலாட்டத்தைப் பார்த்தார். அது தன் பழைய நுட்பத்தை இழந்துவிட்டது என்று கருதிய அவர், துறவியர் இருவரைத் தம்முடன் அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். மடத்தின் கலை வெளியிலிருந்தும் செழுமை பெற்றது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. யூ தாயூ இயற்றிய நூலின் தலைப்பு ‘வாள் நூல்’ எனப் பொருள்படினும் அதன் உள்ளடக்கம் கோற்பயிற்சியே என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் காலத்தவரான சி ஜிகுவாங், ‘ஜிசியாவ் சின்ஷு’ என்னும் படைப்பயிற்சி நூலில் அக்காலத்துப் புகழ்பெற்ற கலைமுறைகளைத் தொகுத்துரைக்கிறார். வெறுங்கைப் போருக்கும் உதைக்கும் பிடிக்கும் பெயர்பெற்றோரைத் தனித்தனியே சுட்டும் அவர், ஷாவோலினைக் கோலுக்காகவே சுட்டுகிறார். அங்குச் சிறந்த வெறுங்கைப் பயிற்சி இருந்திருப்பின், கைப்போர் வல்லாரைப் பட்டியலிட்ட ஆசிரியர் அதனை விட்டிருக்கக் காரணமில்லை.

கோற்பயிற்சியின் முழுமையான இலக்கணமாக அமைவது செங் சோங்யூ இயற்றிய ‘ஷாவோலின் குன்ஃபா சான்சோங்’ ஆகும். 1610ஐ ஒட்டி எழுதப்பட்டு 1621இல் அச்சேறிய இந்நூலின் ஆசிரியர் துறவியல்லர். பத்தாண்டுகளுக்கு மேல் மடத்தில் தங்கிக் கற்றவர். மரக்கோலின் நீளம் 8 அல்லது 8.5 சீன அடி, எடை 2.5 முதல் 3 ஜின் எனவும், இரும்புக் கோலின் நீளம் 7.5 அடி, எடை 15 முதல் 16 ஜின் எனவும் அவர் வரையறுக்கிறார். அக்கால அளவையில் மரக்கோல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையதாகும். 1621இல் மாவ் யுவான்யி தொகுத்த ‘வூபெய் ஷி’ என்னும் படைக்கலைக் களஞ்சியமும் படைக்கலக் கலைகளுக்கெல்லாம் கோலையே மூலமாகவும், கோலுக்கு ஷாவோலினை மூலமாகவும் கொள்கிறது.

நிலை: கோலுக்கும் கைக்கும் பொதுவானது

படைக்கலப் பயிற்சியிலிருந்து வெறுங்கைப் பயிற்சிக்கு மாறியது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள ‘ஷி’ என்னும் கலைச்சொல் துணைபுரிகிறது. உடல் ஒரு கணத்தில் கொள்ளும் நிற்கையையும் அந்நிற்கையில் அடங்கியுள்ள அடுத்த அசைவுக்கான ஆற்றலையும் இச்சொல் ஒருங்கே குறிக்கும். தமிழில் இதனை ‘நிலை’ எனலாம். சி ஜிகுவாங் ஈட்டிக்கு 24 நிலைகளையும் வெறுங்கைக்கு 32 நிலைகளையும் படத்துடன் தருகிறார். ஒவ்வொரு கைநிலைக்கும் மனனம் செய்வதற்கேற்ற குறும்பாடல் உண்டு. பொருளைச் சுருக்கி ஓசையில் நிறுத்தும் இம்முறை, தமிழ் இலக்கண மரபின் நூற்பா முறையோடு ஒப்புநோக்கத்தக்கது.

நிலைப்பெயர்களை ஒப்பிடுவது பயன்தரும். ‘புலியை அடக்கும் நிலை’ என்னும் பெயர் ஈட்டிப் பகுதியிலும் கைப்பகுதியிலும் காணப்படுகிறது. பதுங்கியிருத்தலைக் குறிக்கும் பெயரும் இரண்டிலும் உண்டு. இருவகைப் பயிற்சிகளும் ஒரே சொற்களஞ்சியத்தைப் பகிர்ந்துகொண்டன என்பது இதனால் தெளிவாகிறது. கைநிலைகளுள் ‘ஒற்றைச் சவுக்கு’, ‘ஒற்றைக்காலில் நிற்கும் பொற்சேவல்’ போன்ற பெயர்கள் இன்றைய தைஜி மரபிலும் வழங்குகின்றன.

இன்றைய அடிப்படைப் பயிற்சியும் இவ்வுறவை உணர்த்துகிறது. குதிரை நிலையில் கால்கள் அகன்று, முழங்கால்கள் மடிந்து, உடல் எடை இரு கால்களிலும் சமமாக இறங்கும். வில் நிலையில் முன்கால் மடிந்து பின்கால் நீண்டு ஊன்றும். வெற்று நிலையில் எடை முழுவதும் பின்காலில் தங்க, முன்கால் நிலத்தை மெல்லத் தொட்டு நிற்கும். ஈட்டிப் பயிற்சியின் மூன்று அடிப்படை அசைவுகள் வெளிப்புறமாக வட்டமிட்டுத் தடுத்தல், உட்புறமாக வட்டமிட்டு அழுத்துதல், நேரே குத்துதல் என்பன. தடுக்கும்போதும் அழுத்தும்போதும் தாழ்ந்து நிற்கும் உடல், குத்தும்போது வில் நிலைக்கு மாறுகிறது. பின்காலின் ஊன்றல் இடுப்பின் சுழற்சி வழியாகக் கைக்கும், கையிலிருந்து ஈட்டி முனைக்கும் செல்கிறது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள கோலின் முனையைக் கைவலிமை ஒன்றினாலேயே அடக்கி ஆளுதல் அரிது. காலும் இடுப்பும் அதற்குத் துணை நிற்க வேண்டும். அகன்று தாழ்ந்த நிலைகளின் தேவை நீண்ட படைக்கலத்தில் மிகுதியாக உணரப்படுவது இதனாலேயே ஆகும். ஈட்டியின் நெறியைக் கைக்கு மாற்றியமைத்ததே தம் கலை என்று சிங்யீ மரபினர் கூறிக்கொள்வதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

வெறுங்கைப் பயிற்சியின் எழுச்சி

சி ஜிகுவாங்கின் கருத்தில் வெறுங்கைப் பயிற்சி போர்க்களத்திற்கு நேரடியாகப் பயன்படுவதன்று. உடலையும் உறுப்புகளையும் பழக்கி, தொடக்க நிலையினர் கலைக்குள் புகுவதற்கான வாயிலே அது. செங் சோங்யூ தம் நூலின் வினா-விடைப் பகுதியில், கோலில் சிறந்த துறவியர் இப்போது கையில் பயில்வது ஏன் என்னும் வினாவை எழுப்புகிறார். வெறுங்கைக் கலை நாட்டில் இன்னும் பரவவில்லை என்றும், அதனைக் கோலுக்கு நிகராக உயர்த்தவே அவர்கள் முயல்கின்றனர் என்றும் விடை தருகிறார். ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே அதனைப் பதிவுசெய்த அரிய சான்றாக இப்பகுதியைக் கொள்ளலாம்.

அம்மாற்றம் நிறைவுற்றதை 1669இல் ஹுவாங் சோங்சி எழுதிய கல்லறை வாசகம் காட்டுகிறது. வாங் ஜெங்நான் என்பவரின் நினைவாக எழுதப்பட்ட அதில், ஷாவோலின் கைப்போருக்காகவே நாடெங்கும் புகழ்பெற்றதாகக் குறிக்கப்படுகிறது. அதற்கு மாறாக ‘அகமரபு’ என்னும் வகையும் முதன்முறையாகப் பேசப்படுகிறது. 1560ஐ ஒட்டிக் கோலுக்கு மட்டும் சுட்டப்பட்ட மடம், ஏறத்தாழ நூறாண்டில் கைக்குப் பெயர்பெற்றதாயிற்று.

தோற்றத் தொன்மங்கள்: கின்னர அரசனும் போதிதருமரும்

கோற்கலையின் தோற்றமாக மடத்தார் யாரைக் கொண்டனர் என்பதற்கு மடத்திலேயே சான்று உண்டு. யுவான் ஆட்சியின் இறுதியில் செந்தலைப்பாகைக் கலகக்காரர் மடத்தைத் தாக்கியபோது, சமையற்கூடத்துப் பணியாளர் ஒருவர் அடுப்புக்கோலுடன் வெளிவந்து பேருருக் கொண்டு அவர்களை விரட்டினார் என்பது கதை. 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவரை நாராயணர் என்னும் தெய்வமாகக் கொள்கிறது. செங் சோங்யூவோ அவரைக் கின்னர அரசன் என்கிறார். மடத்துக் கோலாட்ட முறையொன்று யட்சன் பெயரால் வழங்கியது; சி ஜிகுவாங்கின் ஈட்டி நிலைகளுள் ஒன்றும் ‘கடலைத் துழாவும் யட்சன்’ எனப் பெயர் பெற்றது. நாராயணர், கின்னரர், யட்சர் ஆகிய இப்பெயர்கள் பௌத்த நூல்களின் வழியாகச் சீனம் சென்றவை. ஆனால் இவற்றுள் எங்கும் போதிதருமர் இல்லை.

போதிதருமர் பற்றிய பழைய குறிப்புகள் வேறு வகையின. 547இல் யாங் சுவான்ஷி எழுதிய லுவோயாங் மடங்களின் வரலாறு அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. ஏழாம் நூற்றாண்டில் தாவ்சுவான் எழுதிய துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கிறது. காஞ்சி என்னும் ஊர்ப்பெயரோ பல்லவர் என்னும் குலப்பெயரோ இவ்விரு குறிப்புகளிலும் இடம்பெறவில்லை. போர்க்கலை பற்றிய சொல்லும் இல்லை.

அவர் பெயரை உடற்பயிற்சியோடு இணைப்பது ‘யீஜின் ஜிங்’ என்னும் தசைநாண் மாற்ற நூலாகும். இதன் முன்னுரைகள் 628, 1142 ஆகிய ஆண்டுகளை உரிமை கோரினும், பின்னுரை 1624ஐச் சார்ந்தது. தாங் காலப் படைத்தலைவர் லீ ஜிங்கின் பெயரிலுள்ள முன்னுரை, புனைகதையில் வரும் சுருள்தாடி வீரனை உண்மை மனிதனாகக் குறிப்பிடுகிறது. இத்தகைய முரண்களால் இந்நூலின் தொன்மை சிங் ஆட்சிக் காலத்து அறிஞராலேயே மறுக்கப்பட்டது. 1930இல் தாங் ஹாவ் வெளியிட்ட ஆய்வு போதிதருமர் தொடர்பை ஆவண அடிப்படையில் நிராகரித்தது. மேலும், ‘யீஜின் ஜிங்’ உடலை வலுப்படுத்தும் பயிற்சி நூலேயன்றிப் போர்முறை நூலன்று. போதிதருமரைக் கைப்போரின் ஆசிரியராக்கும் கூற்று 1915இல் வெளிவந்த ஷாவோலின் கைப்போர் நூல் முதலியவற்றால்தான் பரவலாயிற்று.

கோல் முதன்மை பெற்றிருந்தபோது அதற்கேற்பக் கோலேந்திய காவல்தெய்வம் போற்றப்பட்டது. உள்பயிற்சியோடு கூடிய வெறுங்கைக் கலை வளர்ந்தபோது, சுவரை நோக்கித் தவமிருந்த துறவியே அதற்குப் பொருத்தமான முன்னோராகக் கொள்ளப்பட்டார். தொன்மம் கலையைத் தோற்றுவிக்கவில்லை. கலை மாறியபோது தொன்மமும் மாறியது எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ஷாவோலின் மடத்தின் தனிச்சிறப்பாக 16ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது கோற்பயிற்சி. வெறுங்கைப் பயிற்சி அங்கு 17ஆம் நூற்றாண்டில் முதன்மை பெற்றது.

2. படைக்கலப் பயிற்சியும் வெறுங்கைப் பயிற்சியும் ‘நிலை’ என்னும் பொதுவான அலகையும் பொதுவான பெயர்களையும் கொண்டிருந்தன. அம்மாற்றம் எளிதாக நிகழ இது துணைநின்றது.

3. போதிதருமர் போர்க்கலை கற்பித்தார் என்பதற்குப் பழஞ்சான்று இல்லை. அக்கூற்றின் வேர் 17ஆம் நூற்றாண்டு நூலொன்றிலும் அதன் பரவல் 20ஆம் நூற்றாண்டிலும் அமைகின்றன.

4. இந்தியத் தொடர்பு சான்றுடன் புலப்படுவது மடத்தின் தோற்றத்திலும் நாராயணர், கின்னரர், யட்சர் முதலிய பெயர்களிலும் ஆகும். அது பௌத்தச் சமயத்தின் வழி வந்த தொடர்பு.

இம்முடிவுகள் சிலம்பத்தின் சிறப்பைக் குறைப்பன அல்ல. ஒரு கலை தன் மதிப்பைப் பிறநாட்டுக் கலையொன்றின் தாயாக இருப்பதனால் மட்டும் பெறுவதில்லை. சிலம்பத்தின் கோல் அளவு, காலடி முறை, நிலைப்பெயர், வாய்மொழிப் பாடம் ஆகியவற்றைச் செங் சோங்யூ தம் கலைக்குச் செய்ததைப்போல நுணுக்கமாகப் பதிவுசெய்வதே இன்று தமிழாய்வின் முன் நிற்கும் பணியாகும். அப்பதிவு அமைந்த பின்னரே இரு மரபுகளையும் ஒப்பிடும் ஆய்வு உறுதியான அடித்தளம் பெறும்.