பாதியில் நின்ற உளி: மாமல்லபுரம் தரும் படிப்பினை



நம் மக்தப் பிள்ளைகளை ஆவடியிலிருந்து வேனில் மாமல்லபுரம் அழைத்துச் சென்றிருந்தோம். ஐந்து ரதங்களைச் சுற்றி வரும்போது, பீம ரதத்தைக் காட்டி ஒரு பையன் கேட்டான்: "ஹஜ்ரத், மேலே இவ்வளவு அழகா செதுக்கிட்டு, கீழே ஏன் அப்படியே விட்டுட்டாங்க?"

நல்ல கேள்வி. அந்த ரதங்கள் கல் அடுக்கிக் கட்டியவை அல்ல. பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள். பாதியில் வேலை நின்றது. மேல்பகுதி முடிந்திருந்தது, அடிப்பகுதி கரடாகவே தங்கிவிட்டது. இது 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் காலத்துப் பணி என்பது பொதுவான கருத்து. வாதாபி வரை சென்று வென்ற பல்லவ மன்னர் அவர். அந்தப் பல்லவர் ஆட்சியும் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர்களிடம் போய்விட்டது. கல் நிற்கிறது, ஆண்டவர்கள் இல்லை.

பூமியில் பயணம் செய்யுங்கள், உங்களைவிட வலிமையாக வாழ்ந்து, உங்களைவிட அதிகமாகக் கட்டியவர்களின் முடிவைப் பாருங்கள் என்ற கருத்தை சூரா அர்ரூம் நமக்குச் சொல்கிறது. பார்ப்பது படிப்பினைக்காக, ஏளனத்திற்காக அல்ல.

அங்கே ஒரு பாறையில் யாரோ தங்கள் பெயரைக் கீறியிருந்தார்கள். அதைப் பார்த்து நம் பிள்ளை ஒருவனும் கல்லைக் கையில் எடுத்தான். தடுத்துவிட்டேன். சட்டப்படி அது குற்றம். 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மார்க்கப்படியும் அது நமக்கு அழகல்ல. வணக்கத்திற்குரியவன் அல்லாஹ் ஒருவனே. அதில் நமக்கு எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்பதும் அதே அல்லாஹ்வின் கட்டளைதான். அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மிஸ்ரை வென்று 1,380 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஃபிர்அவ்ன்கள் எழுப்பிய கர்னக் கோயிலின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அருகிலுள்ள லக்சர் கோயில் வளாகத்திற்குள்ளேயே அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கே தொழுகை நடக்கிறது.

சகோதரர்களே! மன்னனின் உளியே பாதியில் நின்றதென்றால், நம் வேலை எம்மாத்திரம்? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம் பார்த்து வீட்டுக்கு மேல்மாடி எடுக்கிறோம். ஆனால் களாவான தொழுகை அப்படியே கிடக்கிறது. வாங்கிய கடன் திரும்பவில்லை. கூடப் பிறந்த தம்பியோடு பேச்சில்லை. நம்முடைய கரடான அடிப்பகுதி இதுதான்.

கல்லில் கீறிய பெயர் நமக்கு உதவாது. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை: மவுத்துக்குப் பிறகும் நன்மை சேர்ப்பவை இவை மூன்றும்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் முன், விட்டுப்போன ஒரு வேலையையாவது தொடங்குங்கள். அந்தத் தம்பிக்கு ஒரு போன் போட்டு ஸலாம் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.